பதினறும எண்களில் கடன் வாங்கிக் கழித்தல்

பதினாறை அடிமானமாகக் கொண்ட எண்முறையில், மேலே உள்ள இலக்கம் கீழே உள்ள இலக்கத்தைவிடச் சிறியதாக இருந்தால், இடப்பக்கத்து இடத்திலிருந்து ஒன்றை எடுத்துப் பதினாறாக உடைத்துச் சேர்த்துக்கொண்டு கழிப்பதே கடன் வாங்கிக் கழித்தல். பதின்மக் கணக்கில் கடனாக வருவது 10, இங்கே 16. மற்றபடி பள்ளியில் கற்ற கழித்தலிலிருந்து எதுவும் மாறுவதில்லை. ஆனால் பத்துக்குப் பழகிய கை தவறுவதும் இந்த ஓர் இடத்தில்தான்.

பதினறும முறைக்குப் பதினாறு இலக்கங்கள் வேண்டும். 0 முதல் 9 வரை வழக்கமானவை. 10 முதல் 15 வரையிலான மதிப்புகளுக்கு ஆங்கில நெடுங்கணக்கின் முதல் ஆறு எழுத்துகள் வழங்குகின்றன: ஏ (10), பி (11), சி (12), டி (13), இ (14), எஃப் (15). ஐபிஎம் நிறுவனம் 1964இல் சிஸ்டம்/360 கணினி வரிசையை அறிவித்த பிறகே இந்த வழக்கம் நிலைபெற்றது. அதற்கு முன் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் இலியாக் கணினியில் கே, எஸ், என், ஜே, எஃப், எல் என்ற எழுத்துகள் இருந்தன. இடமதிப்புகள் வலமிருந்து 1, 16, 256, 4096, 65,536 என்று ஏறும். இக்கட்டுரையில் இலக்கங்களைப் பிரித்துக் காட்ட அவற்றின் நடுவே சிறுகோடு இடப்படுகிறது. 3-பி என்றால் மூன்று பதினாறும் பதினொன்றும், அதாவது 59.

காவிரிப் படுகையின் நெற்கணக்கு இந்தக் கழித்தலுக்கு மிக அருகில் நிற்கிறது. பழைய முகத்தலளவையில் 8 நாழி ஒரு குறுணி, 2 குறுணி ஒரு பதக்கு. ஆகவே ஒரு பதக்குக்கு 16 நாழி. தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் விண்ணப்பிக்க முதலாம் இராசராசன் பிடாரர் 48 பேரையும், உடுக்கைக்கு ஒருவரையும், கொட்டி மத்தளத்துக்கு ஒருவரையும் நியமித்தான். ஒவ்வொருவருக்கும் நாள்தோறும் முக்குறுணி நெல், ஆடவல்லான் என்னும் மரக்காலால் அளந்து தரப்பட வேண்டும் என்று அங்குள்ள கல்வெட்டு கூறுகிறது. ஐம்பது பேருக்கும் சேர்த்து ஒரு நாளைக்குப் பன்னிரண்டரைக் கலம்.

முக்குறுணி என்பது 24 நாழி, அதாவது 1 பதக்கு 8 நாழி. ஒரு குவியலில் 5 பதக்கு 3 நாழி நெல் இருப்பதாகவும், அதிலிருந்து ஒருவருக்குரிய முக்குறுணியை அளந்து கொடுப்பதாகவும் கொள்வோம். 3 நாழியிலிருந்து 8 நாழி போகாது. எனவே ஐந்து பதக்கில் ஒன்றை நாழியாக்க வேண்டும். அது தரும் 16 நாழியும் இருக்கும் 3 நாழியும் சேர்ந்து 19, அதில் 8 போக 11. பதக்கில் மிஞ்சிய நான்கில் ஒன்று போக மூன்று. மீதி 3 பதக்கு 11 நாழி. இதையே பதினறும எண்ணில் எழுதினால் 5-3 இலிருந்து 1-8 ஐக் கழிக்க 3-பி. படிகள் ஒன்றுக்கொன்று அச்சுப்பிசகாமல் பொருந்துகின்றன. கடன் என்று பெயர் இருந்தாலும் யாரும் எதையும் திருப்பித் தருவதில்லை. பெரிய அலகு ஒன்று தன்னுள் அடங்கிய சிறிய அலகுகளாகப் பிரிகிறது, மொத்த நெல் மாறவில்லை. கழித்தலைச் சொல்லித்தருவோர் முதலில் காட்ட வேண்டியது இதைத்தான்.

இந்தப் பொருத்தம் தற்செயலானதன்று. பதக்கைப் பாதியாக்கினால் குறுணி, குறுணியை மும்முறை பாதியாக்கினால் நாழி. ஆக நான்கு முறை பாதியாக்கியதில் பதினாறு பங்கு கிடைக்கிறது. கணினியிலும் அதேதான்: ஒவ்வொரு பிட்டும் தேர்வை இரண்டாக்குகிறது, நான்கு பிட்டுகள் சேர்ந்து பதினாறு நிலைகளைத் தருகின்றன. அந்த நான்கையும் ஒரே குறியால் எழுதவே பதினறும இலக்கம் வந்தது. ரூபாயை அரை, கால், அரைக்கால், வீசம் என்று பிரித்தால் நான்காம் படியில் கிடைப்பது ஓரணா. 1957 ஏப்ரல் 1 அன்று பதின்ம நாணயம் நடைமுறைக்கு வரும்வரை, 7 ரூபாய் 4 அணாவில் 3 ரூபாய் 11 அணா போக 3 ரூபாய் 9 அணா என்று கடைக்காரர்கள் மனக்கணக்காகவே சொன்னார்கள். 7-4 இலிருந்து 3-பி போக 3-9 என்பதுதான் அது.

ஆயினும் நெற்கணக்கு முழுமையான பதினறும முறை ஆகாது. பதக்குக்கு மேலே 2 பதக்கு ஒரு தூணி, 3 தூணி ஒரு கலம். நாழிக்குக் கீழே 2 உரி, 4 உழக்கு, 8 ஆழாக்கு என்று போய், ஓர் ஆழாக்கு 5 செவிடாகிறது. நில அளவில் ஒரு வேலிக்கு 20 மா. ஒவ்வொரு படியிலும் கடனின் மதிப்பு வேறு என்பதால், திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் நெல்லிலக்கத்தையும் எண்சுவடியையும் மனப்பாடம் செய்தார்கள். பதினறும முறையில் எல்லாப் படிக்கும் ஒரே விலை, 16. அந்த வகையில் இது பழைய கணக்கைவிட எளிது.

இனி உண்மையான பதினறும எண்களுக்கு வரலாம். யூனிகோட் குறியீட்டில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு பதினறும எண் உண்டு. ‘தஞ்சை’யின் த 0-பி-ஏ-4, ஞ 0-பி-9-இ. இரண்டுக்கும் உள்ள தொலைவைக் காண, ஒன்றுகளின் இடத்தில் 4 இலிருந்து இ (14) போகாது. பதினாறுகளின் இடத்தில் உள்ள ஏ ஒன்றைக் கொடுத்து 9 ஆகிறது. 16 உடன் 4 சேர்ந்து 20, அதில் 14 போக 6. அடுத்து 9 இல் 9 போக 0. விடை 6. ஞகரத்துக்கும் தகரத்துக்கும் நடுவே ட, ண என்ற இரண்டே எழுத்துகள் இருக்க, தொலைவு ஆறாவது ஏன்? பிற இந்திய மொழிகளில் டகர வரிசையில் உள்ள மூன்று எழுத்துகளுக்கு உரிய இடங்கள் தமிழ்ப் பகுதியில் காலியாக விடப்பட்டிருப்பதே காரணம்.

நடுவில் சுழியங்கள் வரும்போதுதான் கடன் சற்றுக் கடினமாகிறது. 2019இல் வெளியான யூனிகோட் 12.0, முந்திரி, குறுணி, பதக்கு, முக்குறுணி, வேலி முதலிய பழங்கணக்குக் குறிகளுக்கெனத் தமிழ்ப் பின்னிணைப்புப் பகுதி ஒன்றைச் சேர்த்தது. அது முந்திரிக்குரிய 1-1-எஃப்-சி-0 இல் தொடங்குகிறது. அடுத்த பகுதியான ஆப்பெழுத்து 1-2-0-0-0 இல் தொடங்குகிறது. பின்னதிலிருந்து முன்னதைக் கழித்தால் தமிழ்ப் பின்னிணைப்பின் இடங்கள் எத்தனை என்பது தெரியும்.

ஒன்றுகளின் இடத்தில் 0 இல் 0 போக 0. பதினாறுகளின் இடத்தில் 0 இலிருந்து சி (12) போகாது. பக்கத்து 256இன் இடத்திலும் கொடுக்க ஒன்றுமில்லை. ஆகவே கடன் 4096இன் இடத்து 2 வரை போகிறது. அது 1 ஆகிறது. 256இன் இடத்துக்கு 16 வந்து, அதில் ஒன்று வலப்பக்கம் போக, எஃப் (15) நிற்கிறது. பதினாறுகளின் இடத்தில் 16 இல் 12 போக 4. பிறகு எஃப்பில் எஃப் போக 0, 1 இல் 1 போக 0, முதல் இடத்திலும் 0. விடை 4-0, அதாவது 64 இடங்கள். அவற்றில் 51 இடங்களில் 2019இல் குறிகள் அமர்ந்தன.

மாணவர் செய்யும் பிழைகளில் தலையாயது 16க்குப் பதில் 10ஐக் கடன் வாங்குவது. முன்னே கண்ட 5-3 இலிருந்து 1-8 கழித்தலில் இப்படிச் செய்தால் 3-பிக்குப் பதில் 3-5 வரும், விடையில் 6 குறையும். சுழியத்தின் மேல் கடன் தாண்டும்போது எஃப்புக்குப் பதில் 9 எழுதுவது அடுத்தது. விடையைக் கீழெண்ணோடு கூட்டிப் பார்த்தால் இரண்டுமே அகப்படும். பியும் 8உம் 19, அதில் 3 எழுதி ஒன்றை ஏற்ற வேண்டும். 3உம் 1உம் ஏறிய 1உம் 5. மேலெண் 5-3 திரும்பக் கிடைக்கிறது.

கடனே வாங்காமலும் கழிக்கலாம். கீழெண்ணின் ஒவ்வோர் இலக்கத்தையும் எஃப்பிலிருந்து கழித்து, வந்ததோடு ஒன்றைக் கூட்டினால் அதன் நிரப்பி கிடைக்கும். 1-8 இன் நிரப்பி இ-8. அதை 5-3 உடன் கூட்ட 1-3-பி. முன்னால் வழியும் 1ஐ விட்டுவிட்டால் 3-பி. எஃப்பிலிருந்து கழிக்கும்போது எந்த இலக்கத்துக்கும் கடன் தேவைப்படாது என்பதே இதன் வசதி. கணினியின் உள்ளே பெரும்பாலும் நடப்பது இந்தக் கூட்டல்தான்.

ஆனால் கடன் என்ற கருத்து இயந்திரத்திலிருந்து மறைந்துவிடவில்லை. பொறியியல் கல்லூரி ஆய்வகங்களில் இன்டெல் 8085 நுண்செயலியின் பயிற்சிப் பெட்டியில் மாணவர்கள் எண்களைப் பதினறும விசைகளால்தான் இடுகிறார்கள். அந்தச் செயலி ஒருமுறைக்கு இரண்டு பதினறும இலக்கங்களையே கழிக்கும். தெலுங்குப் பகுதியின் தொடக்கமான 0-சி-0-0 இலிருந்து தமிழ்ப் பகுதியின் தொடக்கமான 0-பி-8-0 ஐக் கழிக்க வேண்டுமானால், முதலில் கடைசி இரண்டு இலக்கங்களை ‘எஸ்யூபி’ கட்டளையால் கழிக்க வேண்டும். 0-0 இலிருந்து 8-0 போகாததால், வெளியிலிருந்து கடன் வந்து விடை 8-0 ஆகிறது. கடன் வாங்கியதை ‘கேரி’ எனப்படும் ஒற்றை பிட் குறித்துவைக்கிறது. அடுத்து வரும் ‘எஸ்பிபி’ கட்டளை 0-சி இலிருந்து 0-பியையும் அந்த ஒன்றையும் சேர்த்துக் கழித்து 0-0 என்கிறது. முழு விடை 0-0-8-0. அடிப்படைத் தமிழ்ப் பகுதிக்கு யூனிகோட் ஒதுக்கிய 128 இடங்கள் அவை.