கிறிஸ்துமஸ் ஸ்டார் கரண்ட் பில்லை எவ்வளவு ஏற்றும்? ஒரு எளிய கணக்கு

டிசம்பர் பிறந்தாலே குமுளி, கட்டப்பனை, மூணாறு பக்கம் வீட்டு வாசல்களில் ஸ்டார்கள் தொங்க ஆரம்பித்துவிடும். பாலக்காட்டில் வாளையார், கொழிஞ்சாம்பாறை வழியாகப் போனாலும் சீரியல் லைட் கண்ணில் படும். மாலையில் ஒரு ரவுண்டு போய் ரசிப்பதற்குச் செலவே இல்லை. ஆனால் எரிய விடும் வீட்டுக்கு?

ஒரு ஸ்டாருக்கு எத்தனை யூனிட்?

வாட் × மணி நேரம் × நாள் ÷ 1,000. இதுதான் ஃபார்முலா. பேப்பர் ஸ்டாருக்குள் 60 வாட் குண்டு பல்பு போட்டு, மாலை 6 முதல் காலை 6 வரை 25 நாள் எரித்தால் 18 யூனிட். அதே ஸ்டாரில் 9 வாட் எல்இடி பல்பு என்றால் 2.7 யூனிட்தான்.

18 யூனிட் பெரிய விஷயமா?

சில வீடுகளுக்கு, ஆமாம். கேரள மின்வாரியம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பில் போடுகிறது. மாதம் 250 யூனிட் வரை ஒவ்வொரு ஸ்லாபுக்கும் தனித்தனி கட்டணம். அதைத் தாண்டினால், முதல் யூனிட்டிலிருந்தே மொத்தத்துக்கும் ஒரே உயர்ந்த கட்டணம். இரண்டு மாதத்துக்கு 490 யூனிட் ஓடும் வீட்டில் குண்டு பல்பு ஸ்டார் சேர்ந்தால் 508. 500 என்ற கோடு தாண்டிவிடும். எல்இடி என்றால் 492.7, தப்பித்துக்கொள்ளலாம்.

இரவு 10 மணிக்கு அணைத்தால் போதாதா?

பில்லுக்கு நல்லது. குண்டு பல்பிலேயே 18 யூனிட் 6 ஆகக் குறையும். ஆனால் கேரளாவில் மின்தேவை உச்சத்தில் இருப்பதே மாலை 6 முதல் 10 வரைதான். அந்த நேரத்தில் சோலார் கைகொடுக்காது. அணை நீரையும் வெளியிலிருந்து வாங்கும் மின்சாரத்தையும்தான் நம்ப வேண்டும். 10 லட்சம் வீடுகளில் 60 வாட் பல்பு ஒரே நேரத்தில் எரிந்தால் 60 மெகாவாட். 1976-ல் தொடங்கிய இடுக்கி திட்டத்தின் மூலமற்றம் மின்நிலையத்தில் தலா 130 மெகாவாட் திறனில் ஆறு இயந்திரங்கள் உள்ளன. அதில் ஒன்றின் கிட்டத்தட்ட பாதித் திறன் ஸ்டாருக்கே போய்விடும். எல்லோரும் 9 வாட்டுக்கு மாறினால் 9 மெகாவாட் போதும்.

அப்போ எல்இடி என்றால் இஷ்டத்துக்கு மாட்டலாமா?

அங்கேதான் கணக்கு இடிக்கும். 6 வாட் சீரியல் செட் பத்து மாட்டினால், பழைய 60 வாட்டுக்கே திரும்பி வந்துவிடுவோம். வாங்கும்போது விலையோடு வாட்டையும் பாருங்கள்.

என்ன செய்யலாம்?

- குண்டு பல்பை மட்டும் மாற்றுங்கள், ஸ்டார் அதேதான்.
- 10 மணிக்கு அணைய டைமர் வையுங்கள்.
- வெளியே மழை, பனி படும் இடத்தில் ஒட்டுப்போட்ட வயர் வேண்டாம். மின்கம்பத்தில் எதையும் கட்டாதீர்கள்.

ஸ்டாரின் அழகு அதன் பேப்பரிலும் வெட்டிலும் இருக்கிறது. உள்ளே எரிவது 60 வாட்டா 9 வாட்டா என்பது தெருவில் போகிறவருக்குத் தெரியாது, மீட்டருக்குத் தெரியும்.