பெங்களூரு: செயற்கைக்கோள் படங்களில் நகர வளர்ச்சி

பெங்களூரு பரவிய வேகத்தை விண்ணிலிருந்து எடுத்த படங்களால் அளந்து, இனி எங்கே பரவும் என முன்கணிக்கும் ஆய்வுத்துறை.

நகரின் பழைய எல்லைகளாக லால்பாக், அல்சூர், கெம்பாம்புதி ஏரிக்கரை, மேக்ரி வட்டம் ஆகிய இடங்களிலுள்ள நான்கு கோபுரங்கள் சுட்டப்படுகின்றன. இவற்றைக் கட்டியவர் முதலாம் கெம்பே கௌடரா, அவர் வழிவந்தவரா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. 1804இல் வில்லியம் லாம்டனின் நில அளவைக்காக இங்கே அடிக்கோடு அளக்கப்பட்டது.

ஆனால் நகர வளர்ச்சிக்குத் தொடர்ச்சியான சான்று லாண்ட்சாட் செயற்கைக்கோள் வரிசையிலிருந்தே கிடைக்கிறது. அவ்வரிசையின் முதல் செயற்கைக்கோள் 1972இல் ஏவப்பட்டது. பெங்களூரு ஆய்வுகள் பெரும்பாலும் 1973ஆம் ஆண்டுப் படத்திலிருந்து தொடங்குகின்றன. அதன் ஒரு புள்ளி ஏறத்தாழ 80 மீட்டர் நிலத்தைக் குறிக்கும். தெரு தெரியாது, ஏரி தெரியும். அகச்சிவப்புக் கதிர்கள் கலந்த அந்தப் படங்களில் செடிகொடிகள் செக்கச்செவேலென்றும் தெளிந்த நீர் கரும்பட்டைகளாகவும் விழும். ராஜகாலுவே எனப்படும் கால்வாய்களால் கோக்கப்பட்ட ஏரிச் சங்கிலி பெல்லந்தூர், வர்த்தூர் வரை இறங்குவதை அவற்றில் தொடர முடிகிறது. ஆனால் பேருந்து நிலையமாக மாறிய தர்மாம்புதி ஏரியும், கண்டீரவா விளையாட்டரங்காக மாறிய சம்பங்கி ஏரியும் நீரிழந்த கதை இந்தப் பதிவுக்கு முந்தியது. எனவே 1973ஐ நகரின் இயல்பு நிலையாகக் கொள்வது சரியன்று.

இந்திய அறிவியல் கழகத்தின் டி. வி. ராமச்சந்திரா குழுவினர் இப்படங்களை விரிவாக ஆராய்ந்தனர். அவர்கள் கணக்கில் கட்டடப் பரப்பு 1973இல் சுமார் 8 சதவீதம், 2012இல் 58 சதவீதம். நாற்பதாண்டு வளர்ச்சி ஓர் ஆய்வில் 584 சதவீதம். 2017 வரை நீளும் பிந்தைய ஆய்வில் 1028 சதவீதம். இவ்வேறுபாட்டுக்கு ஆண்டு மட்டுமன்றி எல்லைத் தேர்வும் வகைப்பாட்டு முறையும் காரணமாகலாம். வெறும் செம்மண் மனை கூரைபோலப் பதிவாகும்; ஆகாயத்தாமரை மூடிய ஏரி பசுமை நிலமாகக் கணக்கேறும்.

முன்கணிப்புக்கு, இரு ஆண்டுப் படங்களிலிருந்து ஒவ்வொரு வகை நிலமும் மற்றொன்றாக மாறும் நிகழ்தகவைக் கண்டு, அண்டைப் புள்ளிகளின் செல்வாக்கோடு முன்னே நகர்த்துகின்றனர். இவ்வாறு 2020க்குள் கட்டடப் பரப்பு 90 சதவீதத்தைத் தாண்டும் எனக் கணிக்கப்பட்டது. பழைய போக்கே நீடிக்கும் என்ற அனுமானத்தின் மேல் நிற்கும் எண் அது.

லாண்ட்சாட்டுக்குப் பின் இந்தியாவின் செயற்கைக்கோள்களான ஐஆர்எஸ்-1ஏ 1988இலும், 2.5 மீட்டர் நுணுக்கமுள்ள கார்டோசாட்-1 2005இலும் ஏவப்பட்டன. 2025இல் மாநகராட்சி ஐந்தாகப் பிரிக்கப்பட்டது. எனவே பழைய சதவீதங்களைப் புதிய எல்லைகளோடு நேரடியாக ஒப்பிட இயலாது.