ராஜாவே குடித்தனக்காரரா? நாகூரில் தொடங்கும் ஒரு வாடகைக் கதை

நம்ம நிகழ்ச்சிக்கு வர்ற கேள்விகள்ல வாடகை வீட்டுக் கேள்விகள்தான் எப்பவும் முன்னாடி நிக்குது. "நான் இருக்கிற வீட்டை இன்னொருத்தருக்கு உள்வாடகைக்கு விடலாமா?" "பன்னிரண்டு வருஷம் ஒரே வீட்டில் இருந்தா அது எனக்குச் சொந்தமாயிடுமா?" "அக்ரிமென்ட் ஏன் எப்பவும் பதினொரு மாசத்துக்கே போடுறாங்க?" "ஓனர் திடீர்னு பூட்டுப் போட்டுட்டா என்ன செய்யறது?"

இந்த நாலு கேள்விக்கும் இன்னைக்குப் பதில் சொல்லப்போறோம். ஆனா சட்டப் புத்தகத்துல இருந்து ஆரம்பிக்கல. நாகூர்ல இருந்து ஆரம்பிக்கிறோம். ஏன்னா இந்தக் கேள்விகளில் முதலாவது, ஒரு காலத்தில் அந்த ஊரை வைத்தே, அரசர்களுக்கு நடுவில் எழுந்த கேள்வி.

ஊரையே விற்ற ராஜா

நாகூர் என்றதும் நமக்கு நினைவு வருவது சாகுல் ஹமீது ஆண்டவரின் தர்காவும், அதன் ஐந்து மினாராக்களும், கந்தூரித் திருவிழாவும்தான். மினாராக்களில் உயரமானதைக் கட்டிக் கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிம்மன். அவருடைய மகன் துளஜா. நம்ம கதை இந்தத் துளஜாவோடது.

1770-களின் தொடக்கத்தில் துளஜாவுக்குக் கடும் பண நெருக்கடி. ஆற்காடு நவாப் முகமது அலி, ஆங்கிலேயக் கம்பெனிப் படையின் துணையோடு தஞ்சை மீது வந்தார். பெரிய தொகை தருவதாக ஒப்புக்கொண்டுதான் துளஜா அப்போதைக்குத் தப்பினார். பணம் புரட்ட வழி தேடியவர், 1773-இல் நாகூர் துறைமுகத்தையும் அதைச் சேர்ந்த கிராமங்களையும் டச்சுக்காரர்களுக்குக் கொடுத்துப் பணம் வாங்கினார். பக்கத்து நாகப்பட்டினம் ஏற்கெனவே டச்சுக்காரர்கள் கையில் இருந்தது. அவர்களுக்கு இது நல்ல வியாபாரம்.

நவாப் விடவில்லை. ஆங்கிலேயரும் அவர் பக்கம் நின்றார்கள். அவர்கள் வைத்த வாதம் என்ன தெரியுமா? தஞ்சை ராஜா இந்த நிலத்துக்கு முழு உரிமையாளர் இல்லை. நவாப்புக்குக் கீழ் கப்பம் கட்டி வைத்திருப்பவர். மேலே இருப்பவரின் சம்மதம் இல்லாமல் அதில் ஒரு பகுதியைக்கூட அவர் யாருக்கும் கொடுக்க முடியாது. இதுதான் வாதம்.

இதை நம்ம தெரு பாஷையில் சொன்னா எப்படி இருக்கும்? "குடித்தனக்காரரே, வீடு உங்களுடையது இல்லை. அதை எப்படி நீங்க இன்னொருத்தருக்குக் கொடுக்கலாம்?" அவ்வளவுதான்.

டச்சுக்காரர்கள் கொடுத்த பணத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு நாகூரை விட்டுக் கொடுத்தார்கள். ஆனா இதைத் தீர்த்து வைத்தது எந்த நீதிமன்றமும் இல்லை. பீரங்கி யார் பக்கம் இருந்ததோ அவர் வாதம் ஜெயித்தது. அதற்கு நல்ல சாட்சி, அடுத்து நடந்தது. 1776-இல் துளஜாவை மறுபடி அரியணையில் உட்கார வைத்தவர்கள் அதே ஆங்கிலேயர்கள். 1778-இல் அவரிடமிருந்து நாகூரையும் 277 கிராமங்களையும் தங்களுக்கே எழுதி வாங்கிக்கொண்டவர்களும் அவர்களேதான். இப்போ கொடுக்க ராஜாவுக்கு உரிமை இருந்துச்சு!

முதல் கேள்விக்குப் பதில் இங்கேயே கிடைத்துவிட்டது. ஓனரின் சம்மதம் எழுத்தில் இல்லாமல் உள்வாடகைக்கு விட வேண்டாம். தமிழ்நாட்டு வாடகைச் சட்டங்களில் ஒருவரைக் காலி செய்யச் சொல்வதற்கான காரணங்களின் பட்டியலில் அது தொடர்ந்து இருந்து வருகிறது.

மண் ஒருவருக்கு, சுவர் இன்னொருவருக்கு

அடுத்தது பன்னிரண்டு வருஷக் கேள்வி.

கோயில் ஊர்களிலும் தர்கா ஊர்களிலும் ஒரு பழைய ஏற்பாட்டைப் பார்க்கலாம். மனை கோயிலுக்கோ வக்ஃபுக்கோ சொந்தம். அதன் மேல் நிற்கும் வீடு, தாத்தா காலத்தில் இவர்கள் தங்கள் காசில் கட்டியது. வருஷா வருஷம் மனைக்கு ஒரு சின்ன வாடகை. அடிமனை வாடகை என்பார்கள். மூன்று தலைமுறை அதே வீட்டில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு, "இது எங்க வீடு" என்ற எண்ணம் இயல்பாகவே வந்துவிடும்.

ஆனால் சட்டம் இங்கே வேறு மாதிரி யோசிக்கிறது. பன்னிரண்டு வருஷம் என்ற கணக்கு, உரிமையாளரை எதிர்த்து, அவர் உரிமையை மறுத்து, வெளிப்படையாக அனுபவிப்பவருக்குத்தான். நீங்கள் வாடகை கொடுக்கிறீர்கள் என்றாலே, "இது உங்களுடையது, உங்கள் சம்மதத்தில் நான் இருக்கிறேன்" என்று ஒவ்வொரு முறையும் சொல்கிறீர்கள் என்று பொருள். குடியிருந்துகொண்டே ஓனரின் உரிமையை மறுக்க முடியாது என்பது 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்திலேயே இருந்த விதி. 2023-இல் வந்த புதிய சாட்சியச் சட்டத்திலும் அது தொடர்கிறது. அதனால் பன்னிரண்டு என்ன, முப்பது வருஷம் வாடகை கட்டினாலும் வீடு உங்களுடையது ஆகாது.

அப்படின்னா தன் காசில் சுவர் எழுப்பியவர் கதி? சென்னையில் இந்தப் பிரச்சினை பெரிதானபோது வந்ததுதான் 1921-ஆம் ஆண்டின் நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம். நியாயமான வாடகை கொடுக்கும்வரை தன்னை எழுப்ப மாட்டார்கள் என்று நம்பிக் கட்டியவரை, மனையின் விலை ஏறியதும் வெளியே அனுப்புவது சரியில்லை என்று அந்தச் சட்டம் நினைத்தது. கட்டிடத்துக்கு இழப்பீடு உண்டு என்றது. காலி செய்யச் சொல்லி வழக்குப் போட்டால், சம்மன் வந்த ஒரு மாதத்துக்குள், "அந்த மனையை எனக்கே விற்கச் சொல்லுங்கள்" என்று நீதிமன்றத்தில் கேட்கும் உரிமையும் கொடுத்தது. பின்னர் வேறு நகரங்களுக்கும் இதை நீட்டித்தார்கள்.

1996-இல் ஒரு முக்கியமான திருத்தம் வந்தது. எந்த மதத்தைச் சேர்ந்த நிறுவனமாக இருந்தாலும், அதன் மனைகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்றார்கள். அறக்கொடை நிலம் சொற்ப விலைக்குக் கைமாறிப் போகிறது என்ற கவலைதான் அதற்குக் காரணம். அந்தக் கவலையிலும் நியாயம் இருக்கு. மூன்று தலைமுறையாகக் குடியிருப்பவரின் பயத்திலும் நியாயம் இருக்கு. இரண்டுக்கும் நடுவில் இன்றும் வழக்குகள் நடந்துகொண்டேதான் இருக்கின்றன.

ரசீது இல்லாத வயல்கள்

நாகூரை விட்டு மேற்கே கொஞ்ச தூரம் போனால் நெல்வயல். இங்கே "குத்தகை" என்ற சொல்லுக்கு வேறு கனம்.

காவிரிப் படுகையில் நிலம் மிராசுதாரர்களிடம் இருந்தது. உழுதவர்களில் ஒரு பகுதியினர் குத்தகைதாரர்கள். விளைச்சலில் பங்கு பிரித்தால் வாரம். இவ்வளவு நெல் என்று முன்பே பேசினால் குத்தகை. அவர்களுக்கும் கீழே பண்ணையாட்கள். எல்லாமே வாய்ப்பேச்சு.

1882-இல் சொத்து மாற்றுச் சட்டம் வந்தது. குத்தகை, வாடகை, நோட்டீஸ் எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதிய சட்டம். மாத வாடகைக்குப் பதினைந்து நாள் நோட்டீஸ் என்பதும், ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை பதிவாக வேண்டும் என்பதும் அதில்தான் வருகின்றன. மூன்றாவது கேள்விக்கு, அதாவது பதினொரு மாத அக்ரிமென்டுக்கு, இதுதான் பதில். ஓராண்டைத் தாண்டினால் பத்திரப்பதிவு, முத்திரைக் கட்டணம். அதைத் தவிர்க்கத்தான் பதினொன்று.

ஆனா ஒன்று கவனிங்க. அதே சட்டம், விவசாயக் குத்தகைக்கு இந்த அத்தியாயம் பொருந்தாது என்று ஒதுக்கி வைத்தது. நகரத்தில் ஒரு அறையில் இருந்தவருக்குப் பதினைந்து நாள் நோட்டீஸ். தஞ்சையில் ஐந்து ஏக்கர் உழுதவருக்கு அதுகூட இல்லை.

1940-களில் பி. சீனிவாச ராவ் போன்றவர்கள் இங்கே விவசாய சங்கத்தைக் கட்டினார்கள். போராட்டம் வலுத்தது. நிலத்தை விட்டு ஆட்களை வெளியேற்றுவதும் அதிகமானது. 1952-இல் ராஜாஜி முதல்வரான சில மாதங்களில், தஞ்சைக்கு என்றே தனியாக ஒரு அவசரச் சட்டம் வந்தது: தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம். குத்தகைதாரருக்கு ஐந்தாண்டு நிலைப்பு, விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கு. ஒரு கிராமத்தில் ஒரு வேலி, அதாவது ஆறே முக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவான நிலம் வைத்திருந்த சிறு உடைமையாளர்களுக்கு விலக்கு.

பிறகு 1955-இல் மாநிலம் முழுவதற்கும் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1956-இல் நியாயக் குத்தகைச் சட்டம், வாய்க்கால் பாசன நன்செயில் நில உடைமையாளருக்கு நூற்றுக்கு நாற்பது என்றது. 1980-இல் அதை இருபத்தைந்தாகக் குறைத்தார்கள்.

எல்லாம் நல்ல சட்டங்கள். சிக்கல் எங்கே வந்தது? "இவர் என் குத்தகைதாரரே இல்லை. கூலிக்கு உழுதவர்" என்று நில உடைமையாளர் சொல்லிவிட்டால் போதும். குத்தகைதாரர் கையில் ரசீது கிடையாது, கணக்கில் பேர் கிடையாது. சட்டம் இருந்தது, ஆனால் அந்தச் சட்டத்துக்குள் நுழைய ஒரு காகிதம் தேவைப்பட்டது. அந்தக் காகிதத்தைக் கொடுக்கத்தான் 1969-இல் குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டம் வந்தது. பாதுகாப்புச் சட்டம் வந்து பதினாலு வருஷம் கழித்து! இடைப்பட்ட காலத்தில் பதிவில் பெயர் இல்லாமல் போனவர்களை நினைத்துப் பாருங்க.

குடிசையும் கூலியும்

பண்ணையாட்களின் நிலைமை இன்னும் மோசம். அவர்கள் குடிசை நின்ற மண்ணே மிராசுதாரருடையது. கூலி கேட்டு வேலைக்குப் போகாமல் இருந்தால், வேலையோடு வீடும் போகும். அதாவது முதலாளியும் ஹவுஸ் ஓனரும் ஒரே ஆள்.

நாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கீழ்வெண்மணியில், 1968 டிசம்பர் 25 இரவு, கூலிப் போராட்டத்தின் நடுவே, ஒரு குடிசைக்குள் ஒளிந்திருந்த 44 தலித் மக்கள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலானோர் பெண்கள், குழந்தைகள். இந்த மண்ணில் நிலம், கூலி, குடியிருப்பு பற்றிப் பேசும்போது அந்த இரவை விட்டுவிட்டுப் பேச முடியாது.

குடியிருப்பு மனையிலிருந்து வெளியேற்றக் கூடாது என்று 1961-லேயே ஒரு சட்டம் இருந்தது. 1971-இல் வந்த குடியிருப்புச் சட்டம் ஒரு படி மேலே போனது. விவசாயிகளும் விவசாயத் தொழிலாளர்களும் குடியிருந்த அந்த மனை அவர்களுக்கே சொந்தம் என்றது. வாடகைக்காரர் உரிமையாளராக மாறிய அபூர்வமான இடம் இது. பன்னிரண்டு வருஷக் கணக்கால் வந்த உரிமை இல்லை. கேட்டு, போராடி, சட்டமன்றத்தில் சட்டமாகி வந்த உரிமை.

இப்போ உங்க வீடு

நகரத்துக்குத் திரும்புவோம். இரண்டாம் உலகப்போர் சமயத்தில் வீட்டுத் தட்டுப்பாடு. வாடகையைக் கட்டுப்படுத்தும் ஆணைகள் வந்தன. அவற்றின் தொடர்ச்சியாக 1946, 1949, கடைசியாக 1960 என்று வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள். வாடகைதாரரை நன்றாகப் பாதுகாத்தன. ஆனால் பழைய வாடகை அப்படியே உறைந்து நின்றது, வழக்குகள் பல வருஷம் இழுத்தன, வீட்டைப் பூட்டி வைப்பதே மேல் என்று சில ஓனர்கள் நினைத்தார்கள் என்பது எதிர்த்தரப்பின் குறை.

1960 சட்டத்துக்குப் பதிலாக வந்த 2017-ஆம் ஆண்டுச் சட்டம், 2019 பிப்ரவரி 22 முதல் தமிழ்நாட்டின் நகர்ப்புறங்களில் நடப்பில் இருக்கிறது. இதில் வாடகை என்பது இரண்டு பேரும் பேசி எழுதிக்கொள்வது. பதினொரு மாதமாக இருந்தாலும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால், முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது. தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்திக் காலி செய்ய வைக்க முடியாது. அரசு, கோயில், வக்ஃபு சொத்துகளுக்குத் தனி விதிகள் உண்டு; அங்கே இருப்பவர்கள் அதை விசாரித்துக்கொள்வது நல்லது.

கடைசிக் கேள்வி: பூட்டுப் போட்டுட்டா? வழக்கு நடத்தி உத்தரவு வாங்காமல் உங்களை வெளியேற்றினால், ஆறு மாதத்துக்குள் சிவில் நீதிமன்றம் போகலாம். குறிப்பிட்ட தீர்வழிகள் சட்டத்தின் 6-ஆம் பிரிவு இதற்காகவே இருக்கிறது. வீடு யாருக்குச் சொந்தம் என்ற பேச்சே அந்த வழக்கில் வராது. சட்டப்படி இல்லாமல் வெளியேற்றினாரா என்பதுதான் கேள்வி. ஆனா நீங்க அங்கே இருந்தீங்கன்னு காட்டணும். எதை வச்சுக் காட்டுவீங்க? ஒப்பந்தம், வாடகை ரசீது, வங்கிக் கணக்கில் போன பணம்.

ஆக, 1773-இல் ஜெயித்தது பீரங்கி. இன்றைக்கு உங்களுக்கு ஒரு நீதிமன்றம் இருக்கிறது, அது பெரிய விஷயம். ஆனா அந்த நீதிமன்றத்தின் வாசலில், 1955-இல் தஞ்சைக் குத்தகைதாரர் நின்ற மாதிரி வெறுங்கையோடு நிக்காதீங்க. இந்த மாச வாடகையை ரொக்கமாகக் கொடுக்கப் போறீங்களா? ஒரு ரசீது கேட்டு வாங்குங்க. தயக்கமா இருந்தா வங்கி மூலமாக அனுப்புங்க.

இது பொதுவான தகவல்தான். உங்க வழக்குக்கு ஒரு வழக்கறிஞரைப் பாருங்க. செலவுக்கு வழியில்லையா, ஒவ்வொரு மாவட்டத்திலும் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கு. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச உதவி உண்டு. 15100 என்ற எண்ணுக்குக் கூப்பிட்டாலே வழி சொல்வாங்க.