தறி அட்டையும் நிரல் வரியும்

கி.பி. முதல் நூற்றாண்டில் ஒரு கிரேக்கர் எழுதிய பெரிப்ளூஸ் என்ற கடல் வணிகக் கையேடு, 'அர்காரு' ஊரின் மெல்லிய துணியைச் சொல்கிறது. அது திருச்சி உறையூர்தான் என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. மென்பொருளை வரிக்கணக்கில் அளக்கும் வழக்கத்தின் பூர்வகதையும் தறியில்தான் தொடங்குகிறது. உறையூர்த் தறியில் அல்ல, பிரான்சின் லியோன் நகரில்.

1804-ல் அங்கே ஜக்கார்டு என்பவர் உருவாக்கிய தறியைத் துளையிட்ட அட்டைகள் இயக்கின. யோசனை முழுக்க அவருடையதல்ல. வோகான்சோன் விட்டுச்சென்ற பழைய தறியைச் சீர்செய்தவர், முன்னோடிகளான புஷோன், ஃபால்கோன் ஆகியோரின் துளை உத்தியையும் சேர்த்துக்கொண்டார். நம் ஊர்க் கைத்தறிகளிலும் அந்த அட்டைச்சரம் ஏறிவிட்டது. பின்னாளில் ஜக்கார்டின் உருவத்தையே பட்டில் நெய்ய ஏறத்தாழ 24,000 அட்டைகள் தேவைப்பட்டன. அந்தப் படமொன்றை வாங்கி விருந்தினருக்குக் காட்டி மகிழ்ந்தவர், கணிப்பொறியைக் கனவு கண்ட சார்லஸ் பாபேஜ்.

1890-ல் ஹாலரித் என்ற பொறியாளர் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குத் துளை அட்டையைக் கொண்டுவந்தார். 1928-ல் ஐபிஎம் 80 பத்தி அட்டையை வெளியிட்டது. பிறகு கணினி வந்தபோது ஓர் அட்டைக்கு ஒரு வரி நிரல். கட்டு எவ்வளவு உயரமோ அவ்வளவு பெரிய நிரல்! அட்டை போன பின்பும் வரி எண்ணுவது நிற்கவில்லை.

1979-ல் ஐபிஎம்மின் ஆலன் ஆல்பிரெக்ட் அளவுகோலையே மாற்றினார். பயனருக்கு நிரல் என்னென்ன செய்துதருகிறது என்று எண்ணும் ஃபங்ஷன் பாயிண்ட் முறை அவருடையது. ஆனால் ஆள் உட்கார்ந்து எண்ண வேண்டும்; நாளாகும். எனவே மூலநிரலைப் படித்துத் தானே எண்ணும் கருவிகள் வந்தன. அப்படி எண்ணுவதற்கொரு தர விதியை 2014-ல் ஓஎம்ஜி என்ற மென்பொருள் தர அமைப்பு வெளியிட்டது.

இங்கேதான் சிக்கல். ஸ்ரீரங்கத்தில் தரிசனச் சீட்டு பதிவுசெய்யும் நிரல் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். உள்ளே மூன்று அட்டவணைகள்: பக்தர் பதிவு, அதன் காப்பு நகல், பிழைக் குறிப்பு. பக்தருக்கு வேண்டியது முதலாவது மட்டுமே. கருவியோ மூன்றையும் எண்ணிவிடலாம். பெயர்களைப் பார்த்து ஒதுக்கச் சொல்லி நாம் விதி தரலாம்; எது நகல், எது பதிவு என்று மூலநிரல் தானாகச் சொல்லாது. எப்போதோ கைவிடப்பட்டு இன்னும் நீக்கப்படாத திரையும் கணக்கில் ஏறும். நிரலில் இருப்பது செய்யும் விதம். எதற்காக என்பது கேட்டவரின் மனத்திலும் தேவை ஆவணத்திலும் இருக்கிறது.

திருச்சி நவல்பட்டின் எல்காட் ஐ.டி. பூங்காவிலோ வேறெங்கோ மென்பொருள் ஒப்பந்தம் போடுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கருவியை எண்ணவிடுங்கள். கையெழுத்துப் போடும் முன், தேவை ஆவணத்தோடு ஒருவர் உட்கார்ந்து அந்தக் கணக்கைச் சரிபார்க்கட்டும்.