12 நாற்காலிதான்... 13-வது போட்டா அபராதம்! கியூபாவின் 'வீட்டு ஹோட்டல்'கள் உருவான கதை

கியூபாவின் தலைநகர் ஹவானா. மத்தியப் பகுதியில காரை பெயர்ந்து நிக்கிற ஒரு பழைய மாளிகை. உள்ளே நுழைஞ்சா மார்பிள் படிக்கட்டு. பக்கத்துக் குடித்தனக்காரங்களோட துணி கொடியில காயுது. 'சரியான அட்ரஸுக்குத்தான் வந்தோமா?'னு சந்தேகத்தோட மூணாவது மாடிக்கு ஏறி, ஒரு கதவைத் தட்டினா... உள்ளே உலகப் புகழ்பெற்ற ஒரு உணவகம்!

பெயர், 'லா குவாரிடா'. 'பதுங்குமிடம்'னு அர்த்தம். இந்த மாதிரி வீட்டுக்குள்ளேயே நடக்கிற உணவகங்களுக்கு கியூபாவில் 'பாலடார்'னு பேரு. இன்னைக்கு டூரிஸ்ட்டுகள் இவற்றைத் தேடித்தேடிப் போறாங்க. ஆனா, 30 வருஷத்துக்கு முன்னாடி இது ஃபேஷன் இல்ல. பசி.

டீக்கடைகூட அரசாங்கத்துக்குத்தான்!

1959-ல் ஃபிடல் காஸ்ட்ரோ தலைமையில் புரட்சி வெற்றிபெற்றது. பெரிய நிறுவனங்கள் முதலில் அரசுடைமை ஆயின. 1968-ல் அடுத்த அதிரடி. பார், சாப்பாட்டுக் கடை, தள்ளுவண்டி, பட்டறைனு 50,000-க்கும் மேற்பட்ட சின்னச் சின்ன தனியார் தொழில்களையும் அரசே எடுத்துக்கிட்டது. அதுக்கப்புறம் ஹவானாவில் வெளியே சாப்பிடணும்னா அரசு உணவகம்தான் கதி. வீட்டுல சமைக்கணும்னா, 1962-லிருந்து புழக்கத்தில் இருக்கும் 'லிப்ரேட்டா'. நம்ம ரேஷன் கார்டு மாதிரிதான்.

இதெல்லாம் ஓரளவு ஓடினதுக்குக் காரணம் சோவியத் யூனியன். கியூபாவின் சர்க்கரையை நல்ல விலைக்கு வாங்கிக்கிட்டு, பெட்ரோலையும் தானியத்தையும் அனுப்பிக்கிட்டே இருந்தாங்க. 1991-ல் சோவியத் யூனியன் உடைஞ்சது. குழாயை மூடின மாதிரி எல்லாம் நின்னுபோச்சு.

பசி எப்படி இருந்துச்சு?

அந்தக் காலகட்டத்துக்கு அரசு வெச்ச பேரு 'சிறப்புக் காலம்'. பேருதான் சிறப்பு. சில வருஷங்களில் நாட்டின் பொருளாதாரம் சுமார் மூணுல ஒரு பங்கு சுருங்கியது. பெட்ரோல் இல்லாம பஸ்கள் நின்னு, மக்கள் சைக்கிளுக்கு மாறினாங்க. மணிக்கணக்கில் கரன்ட் கட். 1992-93-ல் 50,000-க்கும் மேற்பட்டவங்களுக்குப் பார்வை மங்குதல், கை கால் மரத்துப்போதல்னு நரம்பு பாதிப்பு வந்துச்சு. சத்தான சாப்பாடு இல்லாததும், பி வைட்டமின் குறைபாடும் இதுக்கு முக்கியக் காரணமா சொல்லப்பட்டது.

இந்த நேரத்துலதான் சில வீடுகளில் அடுப்பு கொஞ்சம் அதிகமா எரிய ஆரம்பிச்சது. எங்கேயோ கிடைச்ச கோழி, கறுப்பு பீன்ஸ், சோறு. ஹால்ல ரெண்டு டேபிள். தெரிஞ்சவங்க சொல்லித் தெரிஞ்சவங்க வருவாங்க; சாப்பிட்டுட்டு காசு கொடுத்துட்டுச் சத்தமில்லாம கிளம்பிடுவாங்க. போர்டு கிடையாது, பில் கிடையாது. மாட்டினா அபராதம், அடுப்பும் போச்சு. ஆனா, மாசச் சம்பளத்துல ஒரு வாரம்கூட ஓட்ட முடியாத குடும்பத்துக்கு வேற வழி?

சீரியல் வெச்ச பேரு!

'பாலடார்'ங்கிற பேரு எங்கிருந்து வந்துச்சுங்கிறது செம சுவாரஸ்யம். 1988-ல் பிரேசிலில் 'வாலி டூடோ'னு ஒரு டி.வி சீரியல் வந்தது. கையில காசில்லாம கடற்கரையில சாண்ட்விச் விற்கிற ஒரு பெண், கொஞ்சம் கொஞ்சமா முன்னேறி சொந்தமா ஓர் உணவு நிறுவனத்தையே நடத்துவார். அதோட பேருதான் 'பாலடார்'. 'நாக்கு ருசி'னு புரிஞ்சுக்கலாம். 90-களின் தொடக்கத்தில் இந்த சீரியல் கியூபாவில் ஒளிபரப்பாக, மொத்த நாடும் டி.வி முன்னாடி உட்கார்ந்தது. அந்தக் கதாநாயகி மாதிரியே சமையலை நம்பிப் பிழைக்க நினைச்சவங்களோட வீட்டு உணவகங்களுக்கு, மக்களே அந்தப் பேரை வெச்சுட்டாங்க.

நாற்காலியை எண்ணிய அரசு

1993-ல் அரசு கொஞ்சம் இறங்கிவந்தது. டாலர் வெச்சிருக்கிறது குற்றமில்லைனு ஆச்சு. சில சுயதொழில்களுக்கும் அனுமதி கிடைச்சது. ஆனா, வீட்டு உணவகங்களுக்கு மட்டும் இழுபறி. 1995-ல்தான் அவை சட்டபூர்வமாச்சு. அதுவும் கறார் கண்டிஷன்களோட...

* மொத்தம் 12 நாற்காலிகள்தான் போடணும்.
* வேலைக்கு வெளியாட்களை வைக்கக் கூடாது, குடும்பத்தினர் மட்டும்தான்.
* மாட்டிறைச்சி, லாப்ஸ்டர், இறால் பரிமாறக் கூடாது. அதெல்லாம் அரசு உணவகங்களுக்கும் ஏற்றுமதிக்கும்தான்.
* வியாபாரம் ஆனாலும் ஆகாட்டியும் மாசாமாசம் வரி கட்டணும்.

விதி இருந்தா, அதைச் சுத்திப்போக வழியும் இருக்குமே! உள் ரூம்ல இன்னொரு டேபிள் தயாரா இருக்கும். மெனு கார்டுல இல்லாத லாப்ஸ்டர், காதோட காதா சொல்லப்படும். இன்ஸ்பெக்டர் திடீர்னு கதவைத் தட்டினா, கூடுதல் நாற்காலிகள் மாயமாகிடும். அபராதமும் வரியும் தாங்காம மூடின பாலடார்களும் நிறைய.

இந்த நெருக்கடிக்கு நடுவுலதான் 1996-ல் 'லா குவாரிடா' திறந்தது. ஆஸ்கர் பரிந்துரை வரை போன 'ஃப்ரெஸா இ சோகோலாத்தே' (1993) படத்தை எடுத்த அதே வீடு. படத்தில் அந்த வீட்டுக்கு வெச்ச பேரையே உணவகத்துக்கும் வெச்சாங்க.

2010-ல் நாற்காலி எண்ணிக்கை 20 ஆச்சு. அடுத்த வருஷமே 50. வெளியாட்களை வேலைக்கு வைக்கவும் அனுமதி கிடைச்சது. 2016 மார்ச்சில் கியூபா வந்த அமெரிக்க அதிபர் ஒபாமா குடும்பத்தோட முதல் நாள் டின்னர் சாப்பிட்டது எங்கே தெரியுமா? அரசு விருந்து மண்டபத்துல இல்ல, 'சான் கிறிஸ்டோபல்'ங்கிற ஒரு பாலடார்ல!

கியூபா மட்டுமா?

1997-ல் ஆசியப் பொருளாதார நெருக்கடி வந்தப்போ, கடை வாடகை கொடுக்க முடியாத ஹாங்காங் சமையல்காரர்கள் அடுக்குமாடி ஃபிளாட்களில் 'தனியார் சமையலறை'களை ஆரம்பிச்சாங்க. 2001-ல் அர்ஜென்டினா பொருளாதாரம் விழுந்த பிறகு, பியூனஸ் அயர்ஸில் 'மூடிய கதவு' உணவகங்கள் பிரபலமாச்சு. 2008 வீழ்ச்சிக்குப் பிறகு லண்டனில் 'சப்பர் கிளப்'கள். ஊர் வேற, மொழி வேற, கதை ஒண்ணுதான். வேலை போனாலும் கைப்பக்குவம் போகாது.

நம்ம ஊர்லயும் 'வீட்டுச் சாப்பாடு கிடைக்கும்'னு அட்டை தொங்கவிட்ட எத்தனையோ வீடுகள், மெஸ்ஸா மாறி பேச்சிலர்களைக் காப்பாத்தியிருக்கு. ஒரே ஒரு விஷயம்... இந்தியாவில் வீட்டுல சமைச்சு விற்கிறதா இருந்தாலும் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ பதிவு கட்டாயம். ஆன்லைன்லயே விண்ணப்பிக்கலாம். கியூபாக்காரங்க வருஷக்கணக்கா ஏங்கின அனுமதி, நமக்கு மொபைல்லயே கிடைக்குது.

அடுத்த தடவை யாராவது அக்காவோ அம்மாவோ வீட்டு ஹால்ல ரெண்டு டேபிள் போட்டுப் பரிமாறினா, ருசிக்கு மட்டும் ரேட்டிங் போட்டுட்டு வந்துடாதீங்க பாஸ். அந்த நாற்காலிக்குப் பின்னாடி ஒரு குடும்பத்தோட மாச பட்ஜெட்டும் இருக்கும்!