எமிலி அழித்த கோப்பி

பூப்பாத்தியில் என்ன நடலாம், எந்த மாதத்தில் நடலாம் என்று தோட்டப் பிரியர்கள் பேசிக்கொள்ள இங்கிலாந்தில் ஒரு பத்திரிகை இருந்தது. பெயர் 'கார்டனர்ஸ் குரோனிக்கிள்'. எங்கள் மலையகத்தையே புரட்டிப்போட்ட ஒரு பங்கசுக்கு 1869 நவம்பரில் பெயர் வைத்ததும் அந்தப் பத்திரிகையில்தான்.

அந்த வருடம் மடுல்சீமைப் பக்கத்துக் கோப்பித் தோட்டமொன்றில் இலைகளின் அடிப்பக்கம் செம்மஞ்சள் தூள் படிவதைக் கண்டார்கள். மாதிரி பேராதனைப் பூங்காவின் பணிப்பாளர் துவைட்சிடம் போய், அங்கிருந்து இங்கிலாந்துக்குப் போனது. பங்கசு ஆய்வில் பேர்பெற்ற மைல்ஸ் ஜோசப் பெர்க்லி என்ற பாதிரியார் அதற்கு ஹெமிலேயா வஸ்டாட்ரிக்ஸ் என்று பெயரிட்டார். வித்தியின் ஒரு பாதி வழுவழுப்பானது, அதனால் ஹெமிலேயா. அழிப்பவள் என்பதால் வஸ்டாட்ரிக்ஸ். அந்த லத்தீன் துரைமாரின் வாயில் நுழையவில்லை போல. 'டிவாஸ்டேட்டிங் எமிலி' என்று கூப்பிட்டார்கள். பகிடிதான், ஆனால் கொஞ்ச நாளைக்குத்தான்.

பள்ளிக்கூடத்தில் இதை ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்: கோப்பி அழிந்தது, தேயிலை வந்தது. உண்மையில் நோய் வந்த உடனே கோப்பி அழியவில்லை. 1870 அளவில் ஏற்றுமதி 10 லட்சம் அந்தரைத் தொட்டது. பிறகு விளைச்சல் விழத் தொடங்கியும் துரைமார் காட்டை வெட்டிக்கொண்டே போனார்கள். உலகச் சந்தையில் கோப்பி விலை ஏறியதால், குறைந்த காய்க்கும் காசு வந்தது. நோய் கண்டு 9 வருடம் கழித்து, 1878 அளவில், கோப்பி நிலம் ஏறத்தாழ 2,75,000 ஏக்கர். எங்களைக் கேட்டால், கோப்பியைக் கொன்றதில் எமிலிக்குப் பாதிப் பங்குதான். மீதிப் பங்கு இந்தப் பேராசைக்கு.

1880இல் ஹரி மார்ஷல் வார்ட் என்ற இளம் தாவரவியலாளரை அரசாங்கம் இங்கே கூப்பிட்டது. அவருக்கு அப்போது வயது இருபத்தாறுதான். தோட்டங்களில் கண்ணாடித் தகடுகளை வைத்து, காற்றில் வருகிற வித்திகளைப் பிடித்துப் பார்த்தார். ஈரமான இலையில் வித்தி முளைத்து, இலைத்துளை வழியாக உள்ளே போகிறது என்று காட்டினார். கந்தகமும் சுண்ணாம்பும் தூவிப் பார்த்த காலம் அது. மலைக்கு மலை இடைவெளியே இல்லாமல் ஒரே பயிரை நட்டால் காற்றுக்குத் தடையே இருக்காது என்பது அவர் சொன்னதன் சாரம். மருந்து கேட்டவர்களுக்கு அவர் காரணத்தைச் சொன்னார். அது அவர்களுக்கு ருசிக்கவில்லை.

அதே 1880இல்தான் கண்டியிலிருந்து வத்தேகம, உக்குவளை வழியாக மாத்தளைக்கு ரயில் பாதை திறந்தது. கோப்பியை இறக்கிக் கொண்டுபோகப் போட்ட பாதை, கோப்பி சாகிற நேரத்தில் வந்து சேர்ந்தது. நான்கு வருடத்தில், 1884இல், துரைமாருக்குக் கடன் கொடுத்த ஓரியண்டல் வங்கியும் இழுத்து மூடப்பட்டது.

உக்குவளை மாதிரி தாழ்ந்த, சூடான இடங்களில் நோய் இன்னும் மோசம். இங்கே எல்லாரும் தேயிலைக்குத் தாவவில்லை. மாத்தளை, தும்பறைப் பக்கம் கொக்கோ வந்தது, பிறகு றப்பர். கொக்கோவையும் 1890களில் இன்னொரு நோய் பிடித்தது. பட்டையை அழுகவைக்கிற நோய். அதை ஆராயவும் இங்கிலாந்திலிருந்து ஒருவர் வந்தார். இந்தக் கூத்தெல்லாம் நடக்கும்போது கிராமத்து வீட்டுத் தோட்டங்களில் பலா, மிளகு, கமுகு, நடுவில் ஓரிரண்டு கோப்பி மரம் என்று எல்லாம் கலந்துதான் நின்றன. இன்றைக்கும் அப்படித்தான் நிற்கின்றன.

சரி, ஆட்கள்? எங்களுக்கு இதுதான் கேள்வி. தமிழ்நாட்டிலிருந்து கடல் தாண்டி மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை, நாலந்தை வழியாக மாத்தளைக்கு நடந்தே வந்தவர்கள். வழியில் கொலராவுக்கும் காய்ச்சலுக்கும் எத்தனையோ பேர் போனார்கள். கோப்பி பறிப்பு சில மாத வேலை. முடிந்ததும் பலர் ஊர் திரும்புவார்கள். தோட்டம் முறிந்தபோது மாதக்கணக்கில் சம்பள பாக்கி நின்றது. துரைக்கு வங்கியில் கடன், கங்காணிக்குத் துரையிடம் கடன், கடைசியில் கூலிக்காரருக்குக் கங்காணியிடம் கடன். துரைமாரின் நஷ்டத்துக்குக் கணக்கு இருக்கிறது, புத்தகம் இருக்கிறது. கூலி வராமல் நடந்து திரும்பியவர்களின் பெயர்ப்பட்டியலை நாங்கள் எங்கேயும் காணவில்லை.

இப்போது இங்கிலாந்தில் பூப்பாத்திகளில் நடுகிற காசித்தும்பை இனமொன்றை அடிச்சாம்பல் நோய் பிடித்திருக்கிறது. 2003இல் முதலில் கண்டார்கள், 2011இல் பரவலாக அழித்தது. பல கடைகள் அந்தச் செடியை விற்பதையே நிறுத்தின. ஆட்கள் பிகோனியா வாங்கி நட்டார்கள், கதை முடிந்தது. மலைநாட்டில் செடியை மாற்றினபோது வாழ்க்கையையும் சேர்த்து மாற்றினார்கள். தேயிலைக் கொழுந்து பருவம் பார்க்காது, கிழமைக்குக் கிழமை பறிக்க வேண்டும். அதனால் வருடம் முழுக்க ஆள் வேண்டும், குடும்பமாக வேண்டும், முக்கியமாகப் பெண்கள் வேண்டும். வந்துபோனவர்கள் லயத்தில் தங்கினார்கள், அங்கேயே பிள்ளை பெற்றார்கள், அங்கேயே புதைக்கப்பட்டார்கள்.

1948இல் குடியுரிமைச் சட்டம் வந்தபோது, இவர்கள் வந்துபோகிற கூட்டம், இந்த நாட்டுக்காரர் இல்லை என்று வாதாடினார்கள். அது கோப்பிக் காலத்துக் கணக்கு. அந்தக் கோப்பி செத்து அப்போது அறுபது வருடமாகியிருந்தது.