உலர் உடை நெருக்கல்: முக்குளிப்பு வரலாற்றில் ஒரு பக்கம்

குளிர்ந்த கடல்களில் மூழ்குவோர் உடலில் தண்ணீர் படாமல் இருக்க அணியும் காற்றுப்புகா உடை ‘உலர் உடை’ (டிரைசூட்) எனப்படும். ஆழம் கூடும்போது அதனுள் இருக்கும் காற்று சுருங்கி, உடை உடலை இறுகக் கவ்விக்கொள்வதே நெருக்கல் ஆகும். உடையின் மடிப்புகளில் தோல் சிக்கிக் கன்றிப்போகும். இன்று இது பெரும்பாலும் ஓர் அசௌகரியம் மட்டுமே. ஆனால் 19-ஆம் நூற்றாண்டில் உயிரைக் குடிக்கும் ஆபத்தாக இருந்தது.

நெருக்கல் என்பது பாதுகாப்பைக் கூட்டிய ஒரு முன்னேற்றத்தோடு சேர்ந்தே வந்தது என்பதுதான் இதில் வேடிக்கை. இங்கிலாந்தின் டீன் சகோதரர்கள், தீயணைப்புப் பணிக்காக 1823-இல் காப்புரிமை பெற்ற புகைத் தலைக்கவசத்தைப் பின்னர் கடலடி வேலைக்கு மாற்றியமைத்தனர். அந்த உடை கீழே திறந்திருந்தது. மேலிருந்து பம்பு அனுப்பிய காற்று இடுப்புப் பக்கம் வெளியேறியதால் உள்ளழுத்தமும் வெளியழுத்தமும் தாமாகவே சமமாயின. ஆனால் மூழ்குபவர் தடுமாறிக் கவிழ்ந்தால் கவசத்துக்குள் தண்ணீர் புகுந்துவிடும். இதைத் தவிர்க்கவே, லண்டனில் தொழில் நடத்திய அகஸ்டஸ் சீபே முழுவதும் மூடிய உடையை உருவாக்கினார். தண்ணீர் நின்றது, நெருக்கல் வந்தது.

1782-இல் போர்ட்ஸ்மவுத் அருகே ஸ்பிட்ஹெட்டில் கவிழ்ந்த ‘ராயல் ஜார்ஜ்’ போர்க்கப்பலின் சிதைவை அகற்றும் பணி, 1839 முதல் 1843 வரை கர்னல் சார்லஸ் பாஸ்லி தலைமையில் நடந்தது. நெருக்கலைப் பற்றிய முதல் மருத்துவப் பதிவு அங்குதான் கிடைக்கிறது. பாதிக்கப்பட்டவர் வில்லியம்ஸ் என்ற சாதாரணப் படைவீரர். அக்காலக் கவசங்களில் ஒருவழி வால்வு கிடையாது. காற்றுக்குழாய் மேற்பரப்புக்கு அருகில் அறுந்தால், கவசத்துக்குள் இருந்த அழுத்தமான காற்று குழாய் வழியே ஒரே மூச்சில் வெளியேறிவிடும். 20 மீட்டர் ஆழத்தில் நீரின் அழுத்தம் மேற்பரப்பைவிடச் சுமார் 2 வளிமண்டலம் அதிகம். அதாவது ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் ஏறக்குறைய 2 கிலோ எடை. வளையாத உலோகக் கவசத்தை நோக்கி மனித உடல் திணிக்கப்பட்டால் என்ன ஆகும் என்பதை விவரிக்கத் தேவையில்லை. கவசத்தில் சேர்க்கப்பட்ட ஒரு சிறிய ஒருவழி வால்வு இந்த ஆபத்தைத் தடுத்தது.

எனினும் விழுதல் என்ற ஆபத்து நீடித்தது. சிதைவின் விளிம்பிலிருந்து திடீரென்று கீழே சரிந்தால், கையால் சுற்றும் பம்பு அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது. இதில் மேல்மட்டமே மோசம்: மேற்பரப்பிலிருந்து 10 மீட்டர் இறங்கினால் காற்றின் கன அளவு பாதியாகிறது, 30 மீட்டரிலிருந்து 40-க்கு இறங்கினால் ஐந்தில் ஒரு பங்குதான் குறைகிறது. பாயில் விதி படித்த மாணவர்கள் இதைத் தாங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம்.

இரண்டாம் உலகப் போரில் தவளை மனிதர்கள் குழாயின்றி மூழ்கத் தொடங்கியபோது பழைய சிக்கல் வேறு வடிவில் திரும்பியது. மேலிருந்து காற்று வராததால், மெல்லிய ரப்பர் உடையில் சுருங்கிய காற்றை ஈடுசெய்ய வழியில்லை. பிரிட்டிஷ் வீரர்கள் தங்கள் ஸ்லேடன் உடைக்குப் ‘பிசுபிசுத்த சாவு’ என்ற பொருளில் பட்டப்பெயர் வைத்திருந்தனர். 1946-இல் ஜாக் கூஸ்தோ உருவாக்கிய மாறாக் கன அளவு உடை இதற்கு எளிய விடை கண்டது: மூழ்குபவர் மூக்கால் விடும் காற்று முகமூடியின் ஓரமாக உடைக்குள் சென்றது, மிகுந்தது வால்வுகளின் வழியே வெளியேறியது. 1950-களில் நியோப்ரீன் ஈர உடை பரவியதும் உலர் உடை சிறிது காலம் பின்தள்ளப்பட்டது. பிறகு சுவீடனின் போசைடன் நிறுவனத்தின் ‘யூனிசூட்’, நீர்புகா ஜிப்பையும் தோளில் தொங்கும் காற்றுக்கலனிலிருந்தே உடையை நிரப்பும் வால்வையும் ஒன்றுசேர்த்தது.

இன்றைய பழக்கங்கள் அங்கிருந்தே வளர்ந்தவை. இறங்கும்போது, இறுக்கம் உணர்ந்த உடனேயே மார்பு வால்வைச் சிறிது சிறிதாக அழுத்திக் காற்று சேர்க்க வேண்டும். நெருக்கலைத் தீர்க்கும் அளவுக்கு மேல் நிரப்பினால் காற்று கால்களுக்கு ஓடி, ஆளைத் தலைகீழாக மேலே இழுத்துச் செல்லும். இது நெருக்கலைவிட ஆபத்தானது. ஏறும்போது இடது கையை உயர்த்தினால் மேற்கையில் உள்ள வால்வு மிகுந்த காற்றை விட்டுவிடும். அடியில் தடித்த உள்ளாடை அணிவது குளிருக்காக மட்டுமன்று. காற்று உடல் முழுதும் சீராகப் பரவவும், மடிப்புகள் தோலைக் கிள்ளாமல் இருக்கவும் அது உதவுகிறது. சீபே காலத்து மூழ்காளர்களும் கம்பளி உள்ளாடை அணிந்தே இறங்கினார்கள்.